ஆளுக்கொரு விலை

தாயி,

நீ கேட்டு ஒன்பது நாளாகிறது. "அப்பா, மறுபடியும் ஆன்லைன் கடையைப் போடலாம்னு இருக்கேன். மூணு வழி பாத்து வச்சிருக்கேன். எதுல போடட்டும், நீங்களே சொல்லுங்க" என்று கோயம்புத்தூரிலிருந்து போனில் கேட்டாய். கூடவே இன்னொன்றும் கேட்டாய். புதுக் கடையில் 'எங்களைப் பற்றி' என்று ஒரு பக்கம் உண்டாம், அதில் போட நம் கடையைப் பற்றி நாலு வரி எழுதித் தர வேண்டுமாம். "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று போனை வைத்தேன். எந்த வழி நல்லது என்பதில் யோசிக்க எனக்கு ஒன்றும் இல்லை. அது மூன்று வருஷத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். அந்த நாலு வரிதான் வரவில்லை. 'நாணயத்துக்குப் பெயர் பெற்ற' என்று தொடங்கினேன், அடித்துவிட்டேன். 'வாடிக்கையாளரின் நம்பிக்கையே' என்று தொடங்கினேன், அதையும் அடித்துவிட்டேன். கடைசியில் வந்தது இந்தக் கடிதம்தான். நாலு வரிக்கு மேல் போய்விட்டது, பொறுத்துக்கொள்.

நான் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் உன் தொழில் படுத்தது. படுத்ததற்கு நீதான் காரணம் என்று நீ நினைத்தாய், நினைக்கட்டும் என்று நான் விட்டுவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பழைய கதையெல்லாம் பேசிவிட்டு இதைச் சொல்லாமலே முடித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தை நீ அந்தப் பக்கத்தில் போட்டால் வெளி ஆட்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்கிறேன். நம்முடையது கோவில்பட்டி மார்க்கெட்டை ஒட்டிய தெருவில் ஒரு சின்னக் கடை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் வேண்டிய தாம்புக் கயிறு, மூக்கணாங்கயிறு, கழுத்து மணி, சலங்கை வைத்துத் தைத்த தோல் வார் எல்லாம் விற்கிறோம். எந்தப் பொருளிலும் விலை எழுதியிருக்காது, எழுத்துதான் எழுதியிருக்கும். பத்து எழுத்துள்ள ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, எண்ணுக்கு ஓர் எழுத்தாக, நாங்கள் வாங்கிய அடக்க விலையை வாரின் உட்புறம் எழுதிவைப்போம். பார்க்கிறவர்களுக்கு அது ஏதோ கம்பெனி மார்க் மாதிரி இருக்கும். அந்தச் சொல் எனக்கும் உன் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். அதற்கு மேல் எவ்வளவு ஏற்றுவது என்பதை வருகிற ஆளைப் பார்த்து முடிவு செய்வேன். இது நான் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. ஆனால் ஆள் பார்ப்பதில் இந்தத் தெருவில் என்னை மிஞ்ச ஒருவன் இல்லை என்று ஒரு மிதப்பு எனக்கு இருந்தது.

உனக்குப் பதினாலு வயதில், முழுப் பரீட்சை லீவில் கடையில் உட்காரவைத்து அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தேன். "மூஞ்சியப் பாக்காத, காலப் பாரு" என்றேன். செருப்பில் கரிசல் மண் அப்பிக்கொண்டு வந்தால், ஆள் காட்டிலிருந்து நேராக வருகிறார். திரும்பிப் போக ஒரே பஸ்தான் இருக்கும், நாலு கடை ஏறி விசாரிக்க நேரம் இருக்காது. கூட்டிச் சொல்லலாம். வேட்டிக் கரையில் தூசி இல்லையென்றால் அவர் உள்ளூர்க்காரர், நாலு கடை ஏறி இறங்கிவிட்டுத்தான் வந்திருக்கிறார். குறைத்துச் சொல்ல வேண்டும். நீ கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டாய். "அப்போ நம்ம கடையத் தேடி நேரா வாரவியளுக்குத்தான் கூட வெலையாப்பா?" நான் சிரித்தேன். "ஏட்டி, யாவாரம்னா அப்படித்தான்" என்றேன். நீ அதற்கு மேல் கேட்கவில்லை.

நீ எப்போதுமே அதற்கு மேல் கேட்கிற பிள்ளை இல்லை. மணியாச்சியில் உன் சித்தி வீட்டுக்குப் போய்விட்டு ரயிலில் திரும்பி வந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? கடம்பூரில் வண்டி நின்றபோது ஜன்னல் வழியாகப் போளி வாங்கும் பொறுப்பை உன்னிடம் கொடுத்தேன். வாங்கிய பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தாய். "எண்ணிப் பாத்தியா?" என்றேன். "அவிய எண்ணித்தான் தந்தாவ" என்றாய். இப்படி இருந்தால் ஊரையே உன் தலையில் கட்டிவிடுவார்கள் என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி கேலி செய்தேன். எதிர் சீட்டில் இருந்தவர்களும் சிரித்தார்கள். போளி சரியாகத்தான் இருந்தது. அதை நான் எண்ணிப் பார்த்துவிட்டேன், ஆனால் உன்னிடம் சொல்லவில்லை. கல்லூரிக்கு மதுரை போக வேண்டும் என்று ஆசைப்பட்டாய். இங்கேயே படி என்றேன். ஏன் என்று கேட்காமல் "சரிப்பா" என்றாய். அடங்கின பிள்ளை என்று உன்னைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசினேன்.

கடைக்கும் அப்படி ஒருவர் வருவார். விளாத்திகுளம் பக்கத்துச் சுடலைமுத்து, நாற்பது ஐம்பது ஆடும் கொஞ்சம் மாடும் வைத்திருக்கிறவர். இருபது வருஷமாக நம் கடையில்தான் வாங்குகிறார். வருவார், வேண்டியதைச் சொல்வார், "எடுத்து வையிங்க அண்ணாச்சி, எவ்வளவுன்னு சொல்லுங்க" என்பார். சொன்னதைக் கொடுப்பார். ஒரு நாளும் 'கூட இருக்கே' என்று சொன்னதில்லை. அதனால் இந்தக் கடையிலேயே அதிக விலை அவருக்குத்தான். எண்ணூற்றைம்பதுக்கு மற்றவர்கள் வாங்கிப்போகிற சலங்கை வாரை அவருக்கு ஆயிரத்து நூறு என்று சொல்வேன். வருஷா வருஷம் மிளகாய் எடுப்பு முடிந்ததும் ஒரு பை வத்தல் கொண்டுவந்து, "தங்கச்சிட்ட குடுங்க அண்ணாச்சி" என்று உன் அம்மாவுக்காக வைத்துவிட்டுப் போவார். அதையும் வாங்கிக்கொள்வேன். நம் வீட்டுக் குழம்பு நல்ல நிறமாக இருக்கிறது என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்வார்களே, அது அவர் வத்தல்தான்.

இனி உன் கதைக்கு வருகிறேன். படிப்பு முடிந்து சும்மா இருந்த நாளில் மணிகளை வரிசையாக வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டாய். இதையெல்லாம் போனில் பார்த்து யார் வாங்குவார் என்றேன். மதுரைப் பக்கம் காளை வளர்க்கிறவர்கள் வாங்கினார்கள். பெங்களூரில் ஒரு பெண் வாசல் கதவில் தொங்கவிட ஆறு ஆட்டு மணி கேட்டாள். அப்போது நாம் சாப்பிடும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஒரு வருஷத்துக்குள் பார்சல் கட்ட இரண்டு பெண்களை வேலைக்கு வைத்தாய். யாருக்கு எது அனுப்பினோம், எது தீர்ந்தது என்று வாட்ஸ்அப்பில் தேடித் தேடி உனக்குக் கண் வலி வந்தது. இனி ஒழுங்கான ஆன்லைன் கடை வேண்டும் என்று ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டு எழுதிக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாய்.

"இது பெரிய தளம்பா. எல்லாரும் வாங்க வாரது. நாம சந்தையில சாக்கு விரிச்ச மாதிரி ஒரு ஓரத்துல உக்காரணும். கூட்டம் வரும், ஆனா ஒவ்வொண்ணுக்கும் கமிஷன். வாங்குனது யாருன்னு நமக்குத் தெரியாது. இது மாச வாடகைக்குக் கெடைக்கிற தளம். நம்ம பேருல நம்ம கடை. பணம் கட்டுததும் கூரியர்காரங்க வாரதும் அதுலயே சேத்து வரும். கூட்டத்த நாமதான் கூட்டணும், ஆனா வாரவங்க நம்மவங்க. மூணாவது, ஆள் வச்சுச் சொந்தமாக் கட்டுத வெப்சைட். அது இப்ப நமக்கு வேண்டாம். ரெண்டாவதுதான் சரின்னு படுது" என்றாய். இலவசமாகப் பதினைந்து நாள் பார்க்கலாம் என்று ஒரு மாதிரிக் கடையும் போட்டுக் காட்டினாய். மேலே நம் கடைப் பெயர், நடுவில் சலங்கை வார் படம். அவ்வளவு லட்சணமாக இருந்தது. படத்துக்குக் கீழே விலை.

"வெலையப் போடாம விட முடியாதா?" என்று கேட்டேன். "வெலை தெரியாம யாருப்பா வாங்குவா" என்றாய். "ஆளுக்குத் தகுந்த மாதிரி வெலை காட்டுத வசதி எதுவும் இருக்கா?" என்றேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தாய். நான் கிண்டல் செய்யவில்லை.

மறுநாளே சுடலைமுத்து கடைக்கு வந்தார். நீ பார்சல் போட வெளியே போயிருந்தாய். "அண்ணாச்சி, நம்ம கடை போன்ல வரப்போவுதாமே. ஒங்க மக சொல்லுச்சாம், எம் மருமக சொன்னா. வந்ததும் எங்களுக்கும் அனுப்பச் சொல்லுங்க. இங்கன வந்துபோற பஸ் அலைச்சல் மிச்சம்லா" என்றார். நம்ம கடை என்றுதான் சொன்னார். அவர் மருமகள் போனைத் திறப்பாள், எண்ணூற்றைம்பது என்று படிப்பாள், இருபது வருஷமும் ஒரே நொடியில் வெளியே வந்துவிடும். அவருக்குக் குறைத்துவிட்டுப் போயிருக்கலாம். 'இனி இதுதான் விலை' என்று சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியதெல்லாம், நம் பெயரும் விலையும் ஒரே இடத்தில் வந்துவிடக் கூடாது என்பதுதான்.

அன்று சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டு, பெரிய தளத்திலேயே போடு என்றேன். கூட்டம் இருக்கிற இடத்தில்தான் கடை போட வேண்டும், சும்மா கிடக்கிற கடைக்கு எதற்கு மாத வாடகை என்றேன். கடைப் பெயரைப் போடாதே, உன் அம்மா பெயரில் வேறு ஏதாவது வைத்துக்கொள், ஊர்க் கண் பொல்லாதது, கண்ணு பட்டுவிடும் என்றேன். நீ நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாய். ஒரு நிமிஷம்தான். "முப்பது வருஷமா யாவாரம் பண்ணுதீங்க, ஒங்களுக்குத் தெரியாதாப்பா" என்று நோட்டை மூடிவிட்டாய். நீ அந்தப் பக்கம் போனதும் உன் அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டாள். "எம் பேரப் போடச் சொன்னது ஊர்க் கண்ணுக்குப் பயந்தா, சுடலைமுத்து அண்ணன் கண்ணுக்குப் பயந்தா?" உன்னிடம் சொல்லிவிடாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். எனக்காக அவளும் வாயை மூடிக்கொண்டாள், அந்தப் பாவமும் என்னுடையதுதான்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். முதல் வருஷம் நன்றாகத்தான் போனது. பிறகு நீ யோசித்து யோசித்து மூன்று மணி கோத்துச் செய்த வாரைப் பார்த்து வேறு யாரோ அதேபோல் செய்து, உன் படத்துக்குப் பக்கத்திலேயே குறைந்த விலைக்குப் போட்டார்கள். பொங்கலுக்கு வாங்கி மாட்டுக்குக் கட்டிவிட்டு, பொங்கல் முடிந்ததும் சாணியோடு திருப்பி அனுப்பினார்கள், அதையும் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு நாள் காலையில் ஏதோ புகார் என்று உன் கணக்கையே நிறுத்திவிட்டார்கள். பேச ஆள் கிடையாது, எழுதிப்போட்டால் ஒரே பதில் திரும்பத் திரும்ப வரும். இரண்டு வருஷம் உன்னிடம் வாங்கினவர்களில் ஒருவருடைய போன் நம்பர்கூட உன் கையில் இல்லை. கட்டி வைத்த பெட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துகொண்டு, "தப்பு எம்மேலதான்பா. எல்லாத்தையும் சரியாப் படிச்சுப் பாத்திருக்கணும்" என்று சொன்னாய்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. "போகட்டும் விடு தாயி, யாவாரத்துல இதெல்லாம் சகஜம்" என்றேன். பெரிய மனசோடு உன்னை மன்னித்துவிட்டவன் மாதிரி தலையைத் தடவிக்கொடுத்தேன். பொய் சொன்னதைவிட அந்தத் தடவல்தான் என்னை அதிகமாகக் குறுகச் செய்கிறது. பார்சல் கட்டிய இரண்டு பெண்களையும் நீயே வீடு வரை போய்ச் சொல்லி நிறுத்திவிட்டு, அடுத்த மாதம் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனாய். பஸ் ஏறும்போதுகூட, "ஒங்க பேச்சக் கேட்டும் என்னால ஒழுங்காச் செய்ய முடியலப்பா" என்றாய். உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பஸ் நம்பரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ போனில் மறுபடியும் 'நீங்களே சொல்லுங்க' என்றதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முந்தாநாள் கடையைப் பூட்டிவிட்டு விளாத்திகுளம் பஸ் ஏறினேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் சுடலைமுத்து ஊருக்குப் போனேன். மழை பெய்து விட்டிருந்தது. கரிசல் மண் செருப்பில் அப்பி, காலை எடுத்து வைக்க முடியவில்லை. என் காலைப் பார்த்துத்தான் அவர் முதலில் பேசினார். "என்ன அண்ணாச்சி, இந்தச் சகதியில. போன் போட்டா நானே வந்திருப்பேன்லா." நாற்காலி போட்டார், மருமகளிடம் காப்பி போடச் சொன்னார். நான் காப்பி வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வந்துவிட்டால் குடித்துவிட்டுச் சும்மா திரும்பிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஒன்றுதான் கேட்டார். "எல்லாருக்கும் கூட்டித்தான் சொல்லுவீங்களா அண்ணாச்சி, இல்ல எனக்கு மட்டுமா?" எல்லாருக்கும்தான் என்று சொல்லியிருந்தால் அவருக்கு வலி பாதியாகியிருக்கும், எனக்கும்தான். "பேரம் பேசாதவியளுக்கு மட்டும்" என்றேன். "பேரம் பேசினா ஒங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு நெனச்சேன்" என்றார். இத்தனை வருஷத்துக்கும் தோராயமாகப் போட்டு ஒரு தொகை கொண்டுபோயிருந்தேன், அதைக் கையால் தொடவில்லை. காப்பி வந்தது, குடித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகுது என்று அவரே எழுந்துகொண்டார். கடையை விட்டு இறங்கும்போதெல்லாம் "வாரேன் அண்ணாச்சி" என்கிறவர், அன்று ஆட்டுப் பட்டிப் பக்கம் திரும்பி நடந்துவிட்டார். அவர் இனி நம் கடைக்கு வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

நேற்று முழுக்க உன் அம்மாவும் நானும் கடையில் இருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் விலை எழுதி ஒட்டினோம். எழுத்தில் இல்லை, எண்ணில். பழைய எழுத்துகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தோம், சில வாரில் போகவே இல்லை. இன்று காலையில் வந்த ஒருவர் விலையைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுல எவ்வளவு கொறப்பீங்க?" என்றார். "ஒண்ணும் கொறைக்க மாட்டேன்" என்றேன். போய்விட்டார். முப்பது வருஷத்தில் இப்படி ஓர் ஆளை நான் விட்டதே இல்லை. ஆனாலும் திரும்பக் கூப்பிடவில்லை.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். மாத வாடகைத் தளத்திலேயே போடு. நம் கடைப் பெயரிலேயே போடு. அந்த வெப்சைட் பெயரை உன் பெயரில் பதிந்துகொள், கட்டிக்கொடுக்கிற ஆள் பெயரில் பதிய விடாதே. வாங்குகிறவர்களின் விலாசத்தையும் நம்பரையும் மாதம் ஒரு முறை தனியாக எடுத்து வைத்துக்கொள்ள முடிகிறதா என்று பார். பிடிக்காமல் வெளியேறினால் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோக விடுவார்களா என்று கேள். விளாத்திகுளம் பக்கத்துப் பின்கோடு போட்டுப் பார்த்து, கூரியர் வருகிறதா என்று தெரிந்துகொள். பெரிய தளத்தை அடியோடு விட வேண்டாம், சந்தைக்கு நாலு மணி கொண்டுபோகிற மாதிரி அங்கேயும் நாலு பொருள் கிடக்கட்டும். இதில் ஒன்றுகூட என் யோசனை இல்லை. நீ மூடி வைத்த அந்த நோட்டு கல்லாப் பெட்டிக்கு அடியிலேயே இருந்தது. மூன்று கட்டமும் உன் கையெழுத்தும் அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

'எங்களைப் பற்றி' என்பதற்கு என்னிடம் வேறு நாலு வரி இல்லை. இதைப் போடுவதும் போடாமல் விடுவதும் உன் இஷ்டம். போட்டால் சுடலைமுத்து பெயரை மட்டும் மாற்றிவிடு. என் பெயரை மறைக்க வேண்டியதில்லை, கடை வாசலிலேயே எழுதியிருக்கிறது. என்னை மன்னித்துவிடு என்று கேட்கவும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது தாயி. கேட்டால் உடனே 'சரிப்பா' என்று சொல்லிவிடுவாய்.

அதைத்தான் சொல்ல வேண்டாம் என்கிறேன். என்னை நம்பி, நேராக என்னிடமே வந்து, நான் சொன்னதைச் சொன்னபடி வாங்கிப்போன ஆட்கள் இரண்டு பேர். ஒருவர் அவர், இன்னொருத்தி நீ. இரண்டு பேருக்கும்தான் நான் கூட்டிச் சொன்னேன். நான் இப்போது சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடாதே. வேறு கடை ஏறி விசாரி. ஏன், எதற்கு, உங்களுக்கு இதில் என்ன என்று கேள். எனக்குச் சங்கடமாக இருக்குமே என்று பார்க்காதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் செய், கடையில்தான் இருப்பேன். இந்த ஒரு தடவையாவது என்னிடம் பேரம் பேசு.

அப்பா